மெடிகெய்டு அட்டை இருக்கிறது, பார்க்க டாக்டர் இல்லை: ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பல் வலி

தாரணி_டாலஸ் · திங்கள், இரவு 10.52

எல்லாருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு யோசனை வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்ச்சில் என் கணவருக்கு ஒப்பந்த வேலை முடிந்துபோனது. கம்பெனி கொடுத்த காப்பீடும் அதோடு போய்விட்டது. இப்போது அவர் வீடு வீடாகச் சாமான் டெலிவரி செய்கிறார். எனக்கு ஒரு பள்ளி கேண்டீனில் அரை நாள் வேலை. பிள்ளைகள் இருவரும் இங்கே பிறந்தவர்கள் என்பதால் டெக்சாஸ் மெடிகெய்டு, அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு, கிடைத்தது. எங்கள் இருவருக்கும் ஒன்றும் இல்லை.

சின்னவளுக்கு ஐந்து வயது. வலப்பக்கக் கீழ்க்கடைவாய்ப் பல்லில் பெரிய குழி. மூன்று வாரமாக இடப்பக்கமே மெல்லுகிறாள். இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்து மசித்துக் கொடுத்தால்தான் உள்ளே இறங்குகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால், கன்னத்தைத் தலையணையில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அழவும் இல்லை. அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

காப்பீட்டுக்காரர்கள் கொடுத்த பட்டியலில் 17 பல் மருத்துவர்கள். ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். இரண்டு எண்கள் உபயோகத்திலேயே இல்லை. ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஐந்து இடத்தில் மெடிகெய்டில் புதுப் பிள்ளைகளை எடுப்பதில்லை என்றார்கள். ஓர் இடத்தில் எடுப்பார்கள், ஆனால் எட்டு வயதுக்கு மேல். இன்னோர் இடத்தில் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், காப்பீட்டின் பெயரைச் சொன்னதும் பேச்சு சுருங்கி, "நாங்களே கூப்பிடுகிறோம்" என்றார்கள். ஆறு நாளாயிற்று. மீதி இடங்களில் நவம்பர், டிசம்பர் என்கிறார்கள்.

ஊரிலிருந்து மாமியார், "பால் பல்லுதானே, விழுந்து முளைச்சிடும், கிராம்புத் தைலம் வை" என்கிறார். பெரியவர்கள் சொல்வதைத் தள்ளவும் முடியவில்லை, பிள்ளையை இப்படியே விடவும் மனம் வரவில்லை. யாருக்காவது இந்த அனுபவம் உண்டா? கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது பிள்ளைக்கு அரசுக் காப்பீடு வாங்கியதே தப்பு என்று ஒரு தோழி பயமுறுத்துகிறாள். அதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பல்லாங்குழி · திங்கள், இரவு 11.30

தாரணி, முதலில் இதைப் படியுங்கள். கன்னமோ தாடையோ வீங்கினால், காய்ச்சல் வந்தால், வாயைத் திறக்கவோ விழுங்கவோ சிரமப்பட்டால் காலைவரை காத்திருக்க வேண்டாம். நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். பல்லின் சீழ் பல்லோடு நிற்காது. கிராம்புத் தைலத்தை அப்படியே வைக்காதீர்கள், சின்னப் பிள்ளைக்கு ஈறு வெந்துவிடும். எடைக்கு ஏற்ற வலி மருந்து அளவைக் குழந்தை மருத்துவரிடம் போனிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

நான் மேரிலாந்தில் ஒரு குழந்தைகள் பல் கிளினிக்கின் ரிசப்ஷனில் 11 வருஷமாக இருக்கிறேன். நீங்கள் கூப்பிட்ட போனை எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள். அதனால் நாளைக்கு என்ன செய்வது என்று சொல்கிறேன்.

பட்டியலை மூடி வையுங்கள். பிள்ளையின் பல் காப்பீட்டு அட்டையின் பின்னால் உறுப்பினர் சேவை எண் இருக்கும். அதைக் கூப்பிட்டு, "பிள்ளைக்கு வலி இருக்கிறது, ராத்திரி தூங்கவில்லை, இத்தனை இடத்தில் கேட்டுவிட்டேன், நீங்களே லைனில் இருந்து நேரம் வாங்கிக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். இது கெஞ்சிக் கேட்கும் உதவி இல்லை. 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு மெடிகெய்டில் பல் சிகிச்சை கட்டாயம். 1967இல் வந்த சட்டத் திருத்தத்திலிருந்து வளர்ந்த ஏற்பாடு இது. அப்பாயின்ட்மென்ட் வாங்கவும், போய்வர வண்டிக்கும் உதவி தர வேண்டியது மாநிலத்தின் பொறுப்பு. உங்கள் ஊரில் இதற்கு டெக்சாஸ் ஹெல்த் ஸ்டெப்ஸ் என்று பெயர். பேசியவர் பெயர், நேரம், அழைப்பு எண் மூன்றையும் அந்த நோட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அந்த 17 பெயருக்கு எதிரே என்ன பதில் வந்தது என்பதும் இருக்கட்டும், பின்னால் வேலைக்கு ஆகும்.

அதோடு இன்னும் இரண்டு வாசல்கள். ஒன்று, டாலஸிலேயே டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரிகளில் நேரம் கூட ஆகும், ஆனால் அடம் பிடிக்கும் சின்னப் பிள்ளைகளைக் கையாளத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். இன்னொன்று, அரசு உதவி பெறும் சமூக சுகாதார மையங்கள். பல இடங்களில் பல் பிரிவும் உண்டு, வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் வாங்குவார்கள். காலை எட்டு மணிக்குக் கதவு திறந்ததும் போன் செய்து, "இன்றைக்கு யாராவது வராமல் போனால் கூப்பிடுங்கள், அரை மணி நேரத்தில் வந்துவிடுவேன்" என்று சொல்லி வையுங்கள். அப்படிச் சொல்பவர்களின் எண்ணை நான் ஒரு மஞ்சள் தாளில் தனியாக எழுதி மானிட்டரில் ஒட்டி வைப்பேன்.

பால் பல் விஷயம்: முன்பற்கள் ஆறேழு வயதில் விழும், கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. இன்னும் ஐந்தாறு வருஷம் அந்தப் பல்லால்தான் அவள் சாப்பிட வேண்டும். மாமியாரிடம் இதைச் சொன்னால் புரிந்துகொள்வார்.

---

கொங்குநாடன் · செவ்வாய், காலை 6.15

நான் பல் மருத்துவர். நியூயார்க் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் சொந்தக் கிளினிக். தாரணி அவர்களுக்குப் பல்லாங்குழி சொன்னதுதான் சரியான வழி. அந்த 17 பேரில் ஒருவனாக நானும் ஒரு காலத்தில் இருந்ததால் எழுதுகிறேன்.

மெடிகெய்டு எடுக்காத டாக்டர்கள் எல்லாரும் மனசு இல்லாதவர்கள் இல்லை. வாடகை, உதவியாளர் சம்பளம், கருவிகளைச் சுத்திகரிக்கும் செலவு, கல்விக் கடன் என்று பல் கிளினிக்கின் வருமானத்தில் 60 விழுக்காட்டுக்கு மேல் செலவிலேயே போய்விடும். பிள்ளைகளுக்கான வேலைக்குத் தனியார் காப்பீடு 100 டாலர் கொடுத்தால், பல மாநிலங்களில் மெடிகெய்டு 60ஐ ஒட்டித்தான் தரும், சில இடங்களில் அதைவிடக் குறைவு. கணக்குப் போட்டால் ஒவ்வொரு பிள்ளைக்கும் கையிலிருந்து போகும். அப்புறம், பதிவு செய்யவே மாதக் கணக்காகும். முன் அனுமதிக்கு அனுப்பிய எக்ஸ்ரே திரும்பி வரும். இரண்டு வருஷம் கழித்து ஒரு தணிக்கைக் கடிதம் வந்து, கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

இன்னொன்று, வராமல் போகும் அப்பாயின்ட்மென்ட். மற்றவர்களிடம் அதற்குக் கட்டணம் வாங்கலாம், மெடிகெய்டு நோயாளியிடம் வாங்கக் கூடாது. நாற்காலி காலியாக இருக்கும், சம்பளம் ஓடும். 2012இல் நான் புதியவர்களை எடுப்பதை நிறுத்திவிட்டேன்.

திரும்ப ஆரம்பித்ததற்குக் காரணம் ஒரு குளிர்கால நாள். ஓர் அம்மா இரண்டு பஸ் மாறி, நாலு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு இருபது நிமிஷம் தாமதமாக வந்தார். பழைய நோயாளி. பதினைந்து நிமிஷத்துக்கு மேல் தாமதமானால் திருப்பி அனுப்புவது எங்கள் விதி. ரிசப்ஷனில் அப்படியே செய்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்தபோது அவர் எதிரே பஸ் நிறுத்தத்தில் பையனின் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றிருந்தார். நானே போய் அழைத்து வந்தேன். அந்தப் பையனுக்கு ஆறு பல் போயிருந்தது. அந்த விதியை எழுதியவன் நான்தான். காரில் வருபவர்களை மனதில் வைத்து எழுதிய விதி அது.

இப்போது வாரத்தில் இரண்டு காலை நேரம் மெடிகெய்டுக்கு மட்டும். அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லாரையும் ஒரே நாளில் வரச் சொல்வோம். முந்தின நாள் குறுஞ்செய்தி போகும், அன்று காலை ஓர் ஆள் கூப்பிட்டுப் பேசுவார். வராமல் போவது மிகவும் குறைந்துவிட்டது. பணத்தில் இன்னும் நஷ்டம்தான், தனியார் நோயாளிகளை வைத்து ஈடுகட்டுகிறேன். எல்லா டாக்டராலும் இது முடியாது, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

---

சுந்தர்_ஆஸ்டின் · செவ்வாய், காலை 8.40

தாரணி அவர்கள் குழந்தை சீக்கிரம் குணமாகட்டும். பொதுவாக ஒரு கேள்வி, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பல் துலக்க வைப்பதும் இனிப்பைக் குறைப்பதும் பெற்றோர் வேலை அல்லவா? டாக்டர் கட்டணத்தை ஏற்றினால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். டெக்சாஸில் ஏற்றித்தான் பார்த்தார்கள், மோசடியில் போய் முடிந்தது. வரி கட்டுகிறவன் என்ற முறையில் கேட்கிறேன்.

---

பல்லாங்குழி · செவ்வாய், மதியம் 1.05

சுந்தர், கேள்வியில் தவறே இல்லை. டெக்சாஸ் கதைக்கு வருகிறேன். அதற்கு முன் எங்கள் மாநிலத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நான் இந்த வேலைக்கு வந்த முதல் வாரம் எனக்குச் சொல்லிக் கொடுத்த கதை அதுதான்.

மேரிலாந்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டியில் டியமாண்டே டிரைவர் என்று ஒரு பையன், 12 வயது. 2007 ஜனவரியில் தலைவலி என்றான். பல்லில் இருந்த சீழ் மூளைக்கு ஏறியிருந்தது. இரண்டு முறை மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். பிப்ரவரி 25ஆம் தேதி இறந்துபோனான். அந்தப் பல்லை நேரத்தோடு பிடுங்கியிருந்தால் 80 டாலர் ஆகியிருக்கும். மருத்துவமனைச் செலவு இரண்டரை லட்சம் டாலர் என்று பத்திரிகைகளில் வந்தது.

அவன் அம்மா அலட்சியமாக இருந்தவர் இல்லை. அதே நேரத்தில் அவன் தம்பிக்கு ஆறு பற்கள் சொத்தையாகி, அவனுக்கு டாக்டர் தேடி அலைந்துகொண்டிருந்தார். அந்த ஒரு பிள்ளைக்கு ஓர் அப்பாயின்ட்மென்ட் வாங்க, அம்மாவோடு சேர்ந்து ஒரு வழக்கறிஞர், உதவி எண்ணின் மேற்பார்வையாளர், மூன்று சுகாதாரப் பணியாளர்கள் என்று அத்தனை பேர் வேலை செய்ய வேண்டியிருந்ததாக அந்த வழக்கறிஞரே பின்னால் அமெரிக்கக் காங்கிரஸில் சொன்னார். இதற்கிடையில் குடும்பத்தின் மெடிகெய்டு அறுந்துபோயிருந்தது. வீடில்லாமல் தங்குமிடம் மாறிக்கொண்டிருந்தார்கள். புதுப்பிக்கச் சொல்லும் காகிதம் அவர்கள் விட்டுப் போன விலாசத்துக்குப் போயிருக்கலாம் என்கிறார்கள்.

சட்டப்படி அந்தப் பிள்ளைகளுக்கு எல்லாம் இருந்தது. அட்டைக்கும் நாற்காலிக்கும் நடுவில்தான் ஒன்றுமே இல்லை. இந்த ஒரு விஷயத்தை நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதன் பிறகு மாநிலம் ஒரு குழு போட்டது. 2008 ஜூலையில் பிள்ளைகளின் பல் சிகிச்சைக் கட்டணங்களில் முதல் உயர்வு வந்தது. 2009 ஜூலையில் அதைவிடப் பெரிய மாற்றம் என்று நான் நினைப்பது வந்தது. அதுவரை பல காப்பீட்டு நிறுவனங்கள், ஆளுக்கொரு படிவம், ஆளுக்கொரு விதி. அத்தனையையும் எடுத்துவிட்டு ஒரே நிர்வாகம், ஒரே படிவம், ஒரே போன் எண் என்று ஆக்கினார்கள். எங்கள் கிளினிக்கில் பழைய ஆள் ஒருவர் சொல்வார், "முன்பு ஒரு பிள்ளை எந்தக் கம்பெனியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஓடும்" என்று. பல் சுகாதாரப் பணியாளர்கள் பள்ளிகளிலும் பொது சுகாதார இடங்களிலும் கூடுதலாக வேலை செய்ய விதி தளர்ந்தது. அந்தப் பையன் பெயரிலேயே ஒரு பல் மருத்துவ வேன் பள்ளிக்கூடங்களுக்குப் போக ஆரம்பித்தது. 2011இல் பியூ என்ற ஆய்வு அமைப்பு பிள்ளைகளின் பல் நலத்தில் மாநிலங்களை எட்டு அளவுகோல்களில் எடைபோட்டபோது ஏழில் தேறி மேரிலாந்து முதலிடத்தில் நின்றது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. மானிட்டரில் அந்த மஞ்சள் தாளை இன்றைக்கும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

---

யாழ்_மாலினி · செவ்வாய், பின்னேரம் 4.20

தாரணி தங்கச்சி, நான் கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கிறேன். இங்கே ஒன்டாரியோவில் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஹெல்தி ஸ்மைல்ஸ் என்று மாகாணத் திட்டம் இருக்கிறது. 2024 ஜூனில் இருந்து 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு மத்திய அரசின் பல் திட்டமும் வந்துவிட்டது. குடும்ப வருமானம் 90,000 டாலருக்குக் கீழே, தனியார் பல் காப்பீடு இல்லை என்றால் சேரலாம். ஆனால் இங்கேயும் டாக்டர் அந்தத் திட்டத்தை எடுக்கிறாரா என்று கேட்டுத்தான் போக வேண்டும். சனம் போன் அடித்துக் களைத்துப்போவது இங்கேயும் உண்டு.

நான் எழுத வந்தது வேறு. நான் சின்னப் பிள்ளையாக இலங்கையில், ஊரில் படித்தபோது பள்ளிக்கூட வளவிலேயே பல் கிளினிக் இருந்தது. ஒரு சின்ன அறை, ஒரு நாற்காலி, கொழும்புக்குப் பக்கத்தில் மகரகமவில் பயிற்சி எடுத்த ஒரு மிஸ். டாக்டர் இல்லை, பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கவென்றே படித்தவர். வகுப்பு வகுப்பாகக் கூப்பிடுவார். பெயர் வாசிக்கும்போது வயிற்றைக் கலக்கும், ஆனால் போகாமல் இருக்க ஏலாது. எங்கள் அம்மா ஒரு படிவமும் நிரப்பவில்லை, ஒருவருக்கும் போன் அடிக்கவில்லை. யுத்தம் தொடங்கிய பிறகு எங்கள் பள்ளியில் அது நின்றுபோனது. இங்கே வந்து அட்டை, திட்டம், தகுதி என்று அலையும்போது எனக்கு அந்த அறைதான் நினைவுக்கு வரும்.

அந்த முறை நியூசிலாந்தில் 1921இல் தொடங்கியது. அலாஸ்காவில் பழங்குடி மக்களின் கிராமங்களுக்கும் முதலில் நியூசிலாந்துக்கு அனுப்பிப் படிப்பித்த ஆட்களைத்தான் போட்டார்கள். அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் வழக்குப் போட்டும் அது நிற்கவில்லை. டாக்டர் அவர்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

---

கொங்குநாடன் · செவ்வாய், இரவு 7.50

மாலினி அக்கா, பத்து வருஷம் முன்பு கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அரைகுறைப் படிப்பு என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். மினசோட்டா 2009இல் சட்டம் போட்டு இப்படிப்பட்டவர்களை அனுமதித்தது. டாக்டர் மேற்பார்வையில் குழி அடைப்பது, பால் பல் எடுப்பது போன்ற குறிப்பிட்ட வேலைகள் மட்டும் செய்வார்கள். செய்யும் நாலைந்து வேலையைத் தினமும் செய்வதால் கை பழகிவிடும். டாக்டரே இல்லாத ஊர்களுக்கு இது தேவை என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

---

வெண்பா_என்சி · புதன், காலை 7.10

நான் வட கரோலினாவில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் நர்ஸ். சுந்தர் அண்ணா கேட்ட "பெற்றோர் வேலை அல்லவா" என்பதற்கு.

ஆமாம், பெற்றோர் வேலைதான். ஆனால் யார் அவர்களுக்குச் சொன்னார்கள்? ராத்திரி பால் புட்டியை வாயில் வைத்தே தூங்கப் பண்ணுவது, சர்க்கரை போட்ட பால், நாள் முழுக்க உறிஞ்சு கோப்பையில் ஜூஸ். நம் வீடுகளில் இதெல்லாம் பாசத்தோடு செய்வது. முதல் பல் முளைத்ததிலிருந்து துலக்க வேண்டும், ஒரு வயதுக்குள் பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது படித்த வீடுகளிலேயே தெரியாது.

ஒரு வயதுக் குழந்தையைப் பல் டாக்டரிடம் கொண்டுபோக மாட்டார்கள், ஆனால் தடுப்பூசிக்கு எங்களிடம் வருவார்கள். அதை வைத்து எங்கள் மாநிலம் 2000ஐ ஒட்டியே ஒரு வேலை செய்தது. குழந்தை மருத்துவரும் நர்ஸும் பல்லில் சொத்தை வராமல் காக்கும் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசலாம், மெடிகெய்டு அதற்குப் பணம் தரும் என்று ஆக்கினார்கள். பார்த்தால் சாதாரண வேலை. அம்மா மடியில் குழந்தையின் இடுப்பு, என் மடியில் தலை. உதட்டைத் தூக்கி, பல்லை ஒரு துணியால் துடைத்து, சின்னத் தூரிகையால் பூசுவேன். ஒரு நிமிஷம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிஷத்தில் முன்பல்லின் மேல் ஓரத்தில் சுண்ணாம்பு வைத்த மாதிரி வெள்ளைக் கோடு தெரிந்தால், அதுதான் சொத்தையின் முதல் அறிகுறி என்று அம்மாவுக்கே காட்டிவிடுவேன். அந்தக் கட்டத்தில் பிடித்தால் திரும்பச் சரியாகும். இப்போது எல்லா மாநில மெடிகெய்டும் இதற்குப் பணம் தருகிறது, ஆனாலும் பல இடங்களில் கேட்டால்தான் செய்கிறார்கள். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது கேளுங்கள்.

குழி விழுந்த பின்னாலும் இன்னொரு மருந்து இருக்கிறது. சில்வர் டயமின் ஃப்ளோரைடு. துளையிடாமல் ஒரு சொட்டு தடவினால் சொத்தை பரவுவது பெரும்பாலும் நின்றுவிடும். அந்த இடம் கருப்பாகிவிடும், அதுதான் குறை. ஒரு பாட்டி "பொம்பளப் பிள்ளை, சிரிச்சா கருப்பாத் தெரியுமே" என்று கண் கலங்கினார். முழு மயக்கம் கொடுத்து ஆபரேஷன் தியேட்டரில் செய்ய மாதக் கணக்காகக் காத்திருக்க வேண்டும் என்று விளக்கியதும் அவரே சரி என்றார். தாரணி, உங்கள் மகளுக்கு வலி வந்துவிட்டதால் அந்தப் பல்லுக்கு இது போதாது. மற்ற பற்களில் சின்னக் குழி இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

---

பல்லாங்குழி · புதன், மதியம் 12.45

> டெக்சாஸில் ஏற்றித்தான் பார்த்தார்கள், மோசடியில் போய் முடிந்தது

சுந்தர், நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. டெக்சாஸ் தானாக மனம் இரங்கி ஏற்றவில்லை. 1993இல் பிள்ளைகளுக்காகப் போட்ட ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2004இல் மாநிலம் ஒப்புக்கொண்டதைச் செய்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பானது. 2007இல் கட்டணங்களை நன்றாக ஏற்றினார்கள். பல் டாக்டரைப் பார்க்கும் ஏழைப் பிள்ளைகளின் எண்ணிக்கை மளமளவென்று கூடியது. அதோடு பல் வரிசைக்குக் கம்பி போடும் செலவும் கன்னாபின்னாவென்று ஏறியது. தேவையில்லாத பிள்ளைகளுக்கெல்லாம் கம்பி போட்டுப் பணம் வாங்கியது 2011 வாக்கில் வெளியே வந்தது. முன் அனுமதிக் காகிதங்களை ஒழுங்காகப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை.

இன்னொரு கொடுமையும் உண்டு. பல மாநிலங்களில் கிளை வைத்த ஒரு பல் நிறுவனம், மெடிகெய்டு பிள்ளைகளுக்குத் தேவையில்லாமல் நரம்பு சிகிச்சை செய்து பல்லுக்கு மேல் உலோகத் தொப்பியும் போட்டது என்ற குற்றச்சாட்டில் 2010இல் அரசுக்கு 2.4 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. பிள்ளைகளைக் கட்டிவைத்து வேலை செய்ததாகப் பெற்றோர் சொன்னதைப் படித்து நான் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

ஆனால் திருடியது அந்தப் பிள்ளைகள் இல்லையே. கண்காணிப்பு இல்லாமல் பணம் மட்டும் ஏற்றினால் இப்படித்தான் ஆகும். பணம் மட்டும் ஏற்றினால் நல்லவிதமாகவும் எவ்வளவு நடக்கும் என்பதற்கும் ஓர் ஆய்வு உண்டு. பல் சுத்தம் செய்யும் கட்டணத்தை 10 டாலர் கூட்டினால், டாக்டரைப் பார்க்கும் பிள்ளைகளின் பங்கு ஏறக்குறைய 4 விழுக்காட்டுப் புள்ளிதான் கூடியது என்று 2011இல் கணக்கிட்டார்கள். சின்ன எண் இல்லை, ஆனால் அது மட்டும் போதாது. வாஷிங்டன் மாநிலத்தில் 1995இல் ஸ்போகேனில் ஆரம்பித்ததைப் பாருங்கள். கட்டணத்தையும் கூட்டினார்கள், சின்னப் பிள்ளைகளைப் பார்க்க டாக்டர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள், குடும்பங்களைத் தேடிப் போய்ச் சேர்த்துவிட ஆளையும் போட்டார்கள். மூன்றும் சேர்ந்ததால்தான் மாநிலம் முழுக்கப் பரவியது.

அதே 2011இல் இல்லினாயில் இன்னோர் ஆய்வு. 10 வயதுப் பையனுக்கு முன்பல் உடைந்துவிட்டது என்று சொல்லி 85 பல் கிளினிக்குகளை இரண்டிரண்டு முறை கூப்பிட்டார்கள். ஒரு முறை தனியார் காப்பீடு, ஒரு முறை அரசுக் காப்பீடு. தனியார் என்றபோது 95 விழுக்காட்டு இடங்களில் நேரம் கிடைத்தது. அரசுக் காப்பீடு என்றபோது நூற்றுக்கு 37 இடத்தில்தான். அதே பல், அதே பையன். தாரணி ஆறு நாளாக நோட்டில் எழுதியிருப்பது இதைத்தான்.

---

சுந்தர்_ஆஸ்டின் · புதன், மதியம் 2.30

இந்த இல்லினாய் எண்ணை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். பெற்றோர் தேடவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தாரணி, எனக்கு டாலஸில் உறவினர்கள் இருக்கிறார்கள். போய்வர வண்டி வேண்டுமென்றால் தனி மடலில் சொல்லுங்கள்.

---

பல்லாங்குழி · புதன், மாலை 5.15

தாரணியின் இன்னொரு கேள்வியை எல்லாரும் விட்டுவிட்டோம். நான் வக்கீல் இல்லை, உங்கள் வழக்கைப் பார்க்கும் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், விதிகளை அடிக்கடி மாற்றுகிறார்கள். எனக்குத் தெரிந்தது இது. அரசு உதவி வாங்குபவர்களுக்குக் கிரீன் கார்டு மறுக்கலாம் என்று எல்லாரையும் பயமுறுத்திய 2019 விதியிலேயே 21 வயதுக்குட்பட்டவர்கள் வாங்கும் மெடிகெய்டு கணக்கில் சேரவில்லை. இங்கே பிறந்த பிள்ளை தன் பெயரில் வாங்கும் காப்பீட்டைப் பெற்றோர் வாங்கியதாகவும் பார்க்கவில்லை. ஆனாலும் அந்த வருஷங்களில் எத்தனையோ அம்மாக்கள் பயந்துபோய்ப் பிள்ளைகளின் பெயரை எடுத்துவிட்டார்கள். எங்கள் கிளினிக்கில் ஒழுங்காக வந்துகொண்டிருந்த மூன்று குடும்பங்கள் அப்படி நின்றுபோயின. இரண்டு குடும்பம்தான் திரும்பி வந்தது.

இன்னொன்று, 2024 ஜனவரியிலிருந்து ஒரு முறை சேர்ந்த பிள்ளையை 12 மாதம் தொடர்ந்து வைத்திருக்க வேண்டும் என்பது எல்லா மாநிலத்துக்கும் விதி. நடுவில் உங்கள் வருமானம் கொஞ்சம் ஏறினாலும் எடுக்க மாட்டார்கள். வருஷம் முடியும்போது வரும் புதுப்பிப்புக் கடிதத்தை மட்டும் தவறவிடாதீர்கள். யாரையும் நீக்கக் கூடாது என்றிருந்த கொரோனா கால ஏற்பாடு முடிந்து 2023 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க இரண்டரைக் கோடிப் பேரை மெடிகெய்டிலிருந்து எடுத்தார்கள். பெரும்பாலோர் தகுதி இல்லாததால் போகவில்லை, காகித வேலையில் விட்டதால் போனவர்கள். வீடு மாறினால் அன்றைக்கே விலாசத்தை மாற்றிவிடுங்கள்.

---

தாரணி_டாலஸ் · சனி, மாலை 6.40

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

செவ்வாய் காலை உறுப்பினர் சேவையைக் கூப்பிட்டேன். முதலில் அதே பட்டியலைத்தான் திரும்ப வாசித்தார்கள். நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் என்ன பதில் வந்தது என்று சொன்னேன். நாலாவது பெயரில் அந்தப் பெண் நிறுத்திவிட்டு, "லைனில் இருங்கள்" என்றாள். 40 நிமிஷம். புதன் காலை ஒரு சமூக சுகாதார மையத்தில் பார்த்து, சீழ் இறங்க ஆரம்பிக்கவில்லை, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார்கள். வியாழக்கிழமை அங்கேயே ஒருவர் வராமல் போக, எட்டரை மணிக்குக் கூப்பிட்டார்கள். சுந்தர் அண்ணாவின் உறவினர் வந்து அழைத்துப் போனார், மெடிகெய்டு வண்டிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டுமாம்.

நரம்பின் மேல்பகுதியை மட்டும் எடுத்து, மருந்து வைத்து, வெள்ளி நிறத் தொப்பி போட்டார்கள். மேல் பல் இரண்டில் சின்னக் குழி இருந்தது, வெண்பா சொன்ன மருந்தை நானே கேட்டேன். கருப்பாகும் என்றார் டாக்டர். உள்பக்கம்தான், தெரியாது. மாமியாருக்கு வீடியோவில் காட்டியபோது, பத்து வயது வரை அந்தப் பல் வேண்டும் என்பதைக் கேட்டு அமைதியாக இருந்தார். அப்புறம், "உன் புருஷனுக்கும் இப்படித்தான் ராத்திரியெல்லாம் வலிச்சுது, எங்களுக்குத் தெரியலையே" என்றார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி தோசையின் மொறுமொறு ஓரத்தைக் கேட்டு வாங்கி வலப்பக்கம் வைத்துக் கடித்தாள். ராத்திரி எழவில்லை. நான்தான் பழக்கத்தில் இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தேன்.

பெரியவனுக்கும் அங்கேயே 24ஆம் தேதி நேரம் வாங்கியாயிற்று. பட்டியலில் இருந்த தவறான எண்களையும் ஓய்வு பெற்றவர் பெயரையும் காப்பீட்டு நிறுவனத்துக்குப் புகாராக எழுதி அனுப்பியிருக்கிறேன், அழைப்பு எண்களோடு. டாலஸ், ஃபோர்ட் வொர்த் பக்கம் இதே நிலைமையில் யாராவது இருந்தால் தனி மடல் போடுங்கள். 17 இடத்தில் இன்றைய தேதிக்கு எங்கே புதுப் பிள்ளைகளை எடுக்கிறார்கள், எந்த வயதுக்கு, எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று நோட்டைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.